தொட்டிலும் திருச்சபையும்



நமது பங்கு பவள விழாக் காணும் இந்த நல்ல நேரத்தில், மலருக்காகப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் வேலை எனக்கும் உபதேசியாருக்கும் வாய்த்தது. கோவில் எழுப்பிய கணக்கு, மணி வாங்கிய கணக்கு, தேர் செய்த கணக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். என் கண்ணை நிறுத்தியது ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு வரி.

குழந்தையின் பெயர் இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த நாள் இருந்தது. ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்கள் இருந்தன. தாய் தந்தை பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் மட்டும், அந்நாளைய வழக்கப்படி லத்தீனில் இரண்டு சொற்கள்: ‘பரெந்தெஸ் இஞ்ஞோத்தி’. பெற்றோர் அறியப்படாதவர் என்று பொருள்.

அந்த வரிக்கு எதிரே, ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில் இன்னொரு குறிப்பு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைக்கு இதே கோவிலில், இதே பீடத்தின் முன் திருமணம் நடந்திருக்கிறது! நடுவில் கழிந்த இருபது ஆண்டுகளைப் பற்றி ஏட்டில் ஒரு சொல்லும் இல்லை. யார் பால் ஊட்டினார்? காய்ச்சல் கண்ட இரவில் யார் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்? பள்ளிக்கூடத்தில் ‘உன் அப்பா பெயர் என்ன?’ என்று கேட்டபோது யார் பெயரைச் சொல்லச் சொன்னார்கள்? யாரோ ஒரு குடும்பம் இத்தனையும் செய்திருக்கிறது. அந்தக் குடும்பத்தைப் பங்கு தாங்கியிருக்கிறது. இல்லையென்றால் அந்தப் பிள்ளை ஊரைவிட்டுப் போயிருக்கும். திருமணக் குறிப்பும் வந்திராது.

அந்த ஓரக்குறிப்புதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பெற்றவர் கைவிட்ட குழந்தைக்காகத் திருச்சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக என்ன செய்தது, எங்கே தவறியது, நம்மைப் போன்ற ஒரு சாதாரணப் பங்கு என்ன செய்யலாம் என்பதை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

குப்பைமேட்டுக் குழந்தைகள்

நம் ஆண்டவர் பிறந்த காலத்தில் உரோமைப் பேரரசில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தையை வளர்ப்பதா, விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை தகப்பனுக்கே உரியது. வேண்டாம் என்று அவன் எண்ணினால், பச்சைக் குழந்தையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நாற்சந்தியிலும் குப்பைமேட்டிலும் கிடந்த அக்குழந்தைகள் சில இறந்தன. சிலவற்றை அடிமை வியாபாரிகள் எடுத்துச் சென்றனர். இதைச் சட்டமும் தடுக்கவில்லை, ஊரும் பழிக்கவில்லை.

முதல் கிறிஸ்தவர்கள் இதை எதிர்த்தார்கள். மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்றாகிய ‘திதக்கே’ பிறந்த சிசுவைக் கொல்லலாகாது என்று கட்டளையிடுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த மறைசாட்சி புனித யுஸ்தின், உரோமை மன்னனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், எறியப்பட்ட குழந்தைகள் கெட்ட தொழிலுக்காகவே வளர்க்கப்படுகின்றனர் என்று அஞ்சாமல் எடுத்துக்காட்டினார்.

எதிர்த்தது மட்டும் போதுமா? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா நாட்டில் தொகுக்கப்பட்ட ‘திருத்தூதர் ஒழுங்குகள்’ என்னும் நூல் ஒரு படி மேலே போகிறது. கிறிஸ்தவப் பிள்ளை ஒன்று தாய் தகப்பனை இழந்தால், குழந்தையில்லாத சகோதரர் ஒருவர் அதைத் தம் சொந்தப் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது நல்லது என்கிறது. ஆயர் அந்த அநாதைக்குத் தகப்பனைப் போல் இருக்கவேண்டும். அவன் ஒரு தொழில் கற்று, அத்தொழிலுக்கான கருவிகளைத் தானே வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வரும்வரை சபை உதவவேண்டும் என்கிறது. கவனியுங்கள்: பிள்ளையை வளர்ப்பது ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் சுமைக்குத் தோள் கொடுப்பது சபை. நமக்குத் தேவையான பாடம் முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் நாம் இதைச் சில சமயம் நினைவில் வைத்தோம்; பல சமயம் மறந்தோம்.

ஆயர்கள் இட்ட வேலி

442-ஆம் ஆண்டில் இன்றைய பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வேசோன் என்னும் ஊரில் ஆயர்கள் கூடி ஒரு சங்கம் நடத்தினர். சிறிய சங்கம்தான், வரலாற்றுப் புத்தகங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் நமது பொருளுக்கு இது மிக முக்கியமானது.

அக்காலத்தில் அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்க நல்ல மனிதர்கள் அஞ்சினார்கள். ஏன்? சில ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்தபின், ‘இது என் பிள்ளை, நீ திருடிக்கொண்டாய்’ என்று யாராவது வந்து நிற்பார்கள். அல்லது ஊர் வாய் சும்மா இராது. இந்த வம்புக்குப் பயந்து, குழந்தை தெருவில் கிடந்தாலும் காணாததுபோல் போனார்கள்.

இதற்கு ஆயர்கள் ஒரு வழி கண்டார்கள். குழந்தையைக் கண்டெடுத்தவர் முதலில் கோவிலுக்கு வந்து அறிவிக்கவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து குருவானவர் அதை மக்களுக்குச் சொல்லவேண்டும். உரியவர் யாரேனும் இருந்தால் பத்து நாளுக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு குழந்தை எடுத்தவருக்கே உரியது. அதன்பின்னும் ஒருவன் வந்து உரிமை கொண்டாடினாலோ, வளர்ப்பவர்மேல் பழி சொன்னாலோ, அவனைக் கொலைகாரனுக்கு உரிய சபைத் தண்டனைக்கு உட்படுத்தவேண்டும்!

கொலைகாரனுக்கு உரிய தண்டனை! பழிச்சொல்லுக்கா இவ்வளவு என்று முதலில் எனக்கும் வியப்பாகவே இருந்தது. ஆழ்ந்து எண்ணிப் பார்த்தால் நியாயம் விளங்குகிறது. வளர்க்க முன்வந்தவரை அவதூறால் விரட்டுகிறவன், தெருவில் கிடக்கும் அடுத்த குழந்தையைச் சாக விடுகிறான். தத்தெடுத்த குடும்பத்தைச் சுற்றி வேலி போடுவது திருச்சபையின் கடமை என்று அந்த ஆயர்கள் கண்டார்கள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் பின்பகுதியில் இதற்குத் திரும்பி வருவேன்.

மாளிகையும் மடியும்

இடைக்காலத்தில் குழந்தைகளுக்கென்று இல்லங்கள் எழுந்தன. அவற்றுள் புகழ்பெற்றது இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் உள்ள மாசற்ற குழந்தைகள் இல்லம். பட்டு வணிகர் சங்கத்தார் பொருள் கொடுக்க, 1419-இல் புருனெல்லெஸ்கி என்னும் பெரும் கட்டடக் கலைஞர் வேலையைத் தொடங்கினார். 1445-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் நாள், புனித ஆகத்தம்மாள் திருநாளன்று, முதல் குழந்தை வந்து சேர்ந்தது. அந்தப் பெண் குழந்தைக்கு ஆகத்தா என்றே பெயரிட்டனர். குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார் பலர், உடைத்த நாணயத்தில் ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தம்மோடு கொண்டுபோனார்கள். என்றாவது ஒருநாள் திரும்பி வந்து பிள்ளையை மீட்கலாம் என்ற நம்பிக்கை! கைவிட்ட தாய் எல்லாரும் கல்நெஞ்சக்காரிகள் அல்லர் என்பதற்கு அந்தப் பாதிக் காசுகளே சாட்சி.

கட்டடம் அழகானதுதான். ஆனால் உண்மையை மறைக்கக்கூடாது. அந்நாளைய குழந்தை இல்லங்களில், பல ஆண்டுகளில், வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வளர்ந்து ஆளாகவில்லை. நெரிசலும் நோயும் தாய்ப்பால் இன்மையும் அவர்களைக் கொண்டுபோயின. தூண்களும் வளைவுகளும் குழந்தையை வளர்ப்பதில்லை. ஒரு தாயின் மடிதான் வளர்க்கிறது.

இதை நன்றாக உணர்ந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் குழந்தைகள் கோவில் வாசல்களிலும் தெருக்களிலும் விடப்பட்டன. அவற்றை வாங்கி வைக்க ஒரு வீடு இருந்தது. அங்கு போன குழந்தைகள் பிழைப்பது அரிது. சில குழந்தைகள் பிச்சைக்காரருக்கு விற்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. வின்சென்ட் இதை அறிந்து மனம் நொந்தார். 1638-இல் அவரும், புனித லூயிஸ் தே மரிலாக்கும், கருணைச் சங்கத்து மாதரும் வேலையைத் தொடங்கினர். எத்தனைக் குழந்தைகளோடு தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு. அதற்குமேல் தாங்க அவர்களிடம் பணமில்லை. எந்தப் பன்னிரண்டு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மற்றவற்றை விட்டுவிட்டுத் திரும்பியபோது அவர்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! 1640-இல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்பது என்று துணிந்தனர்.

அவர்கள் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. கைக்குழந்தைகளை நாட்டுப்புறத்துத் தாய்மார்களிடம் ஒப்படைத்து, மாதம்தோறும் பால்கூலி கொடுத்தார்கள். கொடுத்ததோடு கைகழுவிவிடவில்லை. குழந்தை நலமாக இருக்கிறதா, துணி இருக்கிறதா, வளர்ப்பவளுக்கு என்ன குறை என்று கேட்டறியக் கன்னியர் ஊர் ஊராகச் சென்றார்கள். இன்று அரசாங்கங்கள் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று சொல்லும் முறையின் சாரம் இதுவே.

சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்தது, விலைவாசி ஏறியது, பணம் வற்றியது. மாதர் சங்கத்தார் இனி முடியாது என்று தளர்ந்தனர். அப்போது வின்சென்ட் அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். பெற்ற தாய் விட்டபின் அருளினால் நீங்களே இவர்களுக்குத் தாயானீர்கள். இப்போது தாய்மையை விட்டு நீதிபதிகளாக அமருங்கள். இவர்கள் சாகவேண்டுமா, வாழவேண்டுமா என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது அவர் பேச்சின் கருத்து. அந்த மாதர் அழுதுகொண்டே பணியைத் தொடர்ந்தார்கள் என்பர். நமது பங்கில் அந்தப் புனிதரின் பெயரால் ஒரு சபை இயங்குகிறது. அரிசியும் மருந்தும் கொடுத்து வரும் அந்தச் சகோதரர்களுக்கு, தங்கள் பாதுகாவலர் தொட்டில் சுமந்தவர் என்பதை நினைவூட்டுவதில் மகிழ்கிறேன்.

ரயிலில் வந்த பிள்ளைகள்

பங்கு மக்கள் நேரடியாக இப்பணியில் இறங்கிய வரலாறு அமெரிக்காவில் நடந்தது. 1869-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க் நகரில் கருணைக் கன்னியர் சபையைச் சேர்ந்த சகோதரி ஐரீன் ஒரு வாடகை வீட்டின் வாசல் நடையில் ஒரு தொட்டிலைக் கட்டிவைத்தார். புத்தாண்டில்தான் இல்லத்தைத் தொடங்குவதாக எண்ணம். ஆனால் தொட்டில் காத்திருக்கவில்லை. கன்னியர் குடிவந்த உடனே குழந்தைகள் வரத் தொடங்கின. புத்தாண்டுக்குள் நூற்றுக்கு மேல் வந்துவிட்டன. கன்னியர் அவற்றை நகரத்து ஏழைத் தாய்மாரிடம் மாதச் சம்பளத்துக்கு வளர்க்கக் கொடுத்தனர்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு நிலையான வீடு தேடி, ரயிலேற்றி மேற்குப் பகுதிகளுக்கு அனுப்பினர். அதே நகரத்தில் வேறொரு சங்கத்தார் 1854 முதல் பிள்ளைகளை ரயிலில் அனுப்பி வந்தனர். ஊர் ஊராக ரயில் நிற்கும். பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்துவார்கள். விரும்பியவர் விரும்பிய பிள்ளையைப் பொறுக்கிக்கொள்வார்கள். தசையைப் பிடித்துப் பார்த்து, வயலுக்கு ஆவானா என்று சோதித்தவரும் உண்டு. கன்னியர் வேறு முறை வைத்தனர். முதலில் அந்தந்த ஊர்ப் பங்குக் குருவானவர் பூசையில் அறிவிப்புச் செய்வார். பிள்ளை வேண்டும் குடும்பத்தார் பெயர் கொடுப்பார்கள். குருவானவர் அவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லுவார். பிறகு இன்ன வீட்டுக்கு இன்ன பிள்ளை என்று முன்னதாகவே குறித்து, உடையில் எண் தைத்து அனுப்புவார்கள். ரயிலடியில் அதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாயும் தகப்பனும் காத்திருப்பார்கள். 1929 வரை இவ்விரு சங்கங்களும் பிறரும் அனுப்பிய பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் என்று கணக்கிடுகின்றனர்.

எல்லாரும் சுகமாக வாழ்ந்தனர் என்று சொல்லமாட்டேன். சிலர் கூலியாட்களாக நடத்தப்பட்டனர். தங்கள் தாய் யார் என்று சாகும்வரை தேடியவர்களும் உண்டு.

1904-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லுகிறேன். அரிசோனாவில் கிளிப்டன், மொரென்சி என்னும் இரண்டு செம்புச் சுரங்க ஊர்கள். அங்குள்ள குருவானவர் சாட்சி சொல்லியபடி, நாற்பது பிள்ளைகளைக் கன்னியர் அழைத்து வந்தனர். ஏற்கக் காத்திருந்தவர்கள் மெக்சிக்க இனத்துக் கத்தோலிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள், ஏழைகள். பிள்ளைகளோ வெள்ளைத் தோல் உடையவர்கள். வெள்ளையர் கூட்டம் துப்பாக்கியோடு வீடு வீடாகப் புகுந்து பிள்ளைகளைப் பறித்தது. வளர்க்க முன்வந்த ஏழைப் பெற்றோரைக் குடிகாரர், ஒழுக்கமற்றவர் என்றெல்லாம் பழித்தார்கள். கன்னியர் மிரட்டப்பட்டு, மீந்த பிள்ளைகளோடு திரும்பினர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1906-இல் அந்த மன்றமும் தலையிட மறுக்க, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் பறித்தவர்களிடமே தங்கிவிட்டனர். வேசோன் ஆயர்கள் எதற்கு அஞ்சி வேலி போட்டார்களோ, அது அங்கே நடந்தது. அவதூறு வென்றது, குடும்பம் தோற்றது.

நம் முகத்தில் விழுந்த கறை

பவள விழா மலரில் இனிப்பானவற்றையே எழுதவேண்டும் என்று சிலர் விரும்பலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம் இல்லாத யூபிலி கத்தோலிக்க யூபிலி ஆகாது.

அயர்லாந்து நாட்டில் மணமாகாமல் கருவுற்ற பெண்களைத் தனி இல்லங்களில் வைத்தார்கள். அவற்றுள் பலவற்றைக் கன்னியர் நடத்தினர். 2021 ஜனவரியில் அந்நாட்டு விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கை, 1922 முதல் 1998 வரை 18 இல்லங்களில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்தன என்று தெரிவித்தது. அரசாங்கமும் மன்னிப்புக் கேட்டது. திருச்சபையும் மன்னிப்புக் கேட்டது. ஆஸ்திரேலியாவில் மணமாகாத தாய்மாரிடமிருந்து பிள்ளைகளை வற்புறுத்திப் பிரித்துத் தத்துக் கொடுத்த கொடுமைக்காக 2013 மார்ச் 21 அன்று அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அங்கும் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்குப் பங்கு உண்டு.

எங்கே தவறினோம்? குழந்தைக்கு வீடு தேடும் ஆர்வத்தில், பெற்றவளும் ஒரு தாயின் மகள் என்பதை மறந்தோம். குடும்ப மானத்தைக் குழந்தையின் உயிரைவிடப் பெரிதாக நினைத்தோம். பாதிக் காசைத் தன்னோடு கொண்டுபோன பிளாரன்ஸ் தாயை மறந்தோம். தத்தெடுக்கும் குடும்பத்தைத் தாங்குவது என்றால், பெற்றவளை மிதித்துக்கொண்டு தாங்குவது அன்று.

நமது நாட்டில்

நமது நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குச் சட்டத்தில் ஒரு முடை நெடுங்காலம் இருந்தது. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கே உரியது. கிறிஸ்தவர் ஒரு பிள்ளையை எடுத்தால், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குப் ‘பாதுகாவலர்’ ஆகலாம். சட்டத்தின் கண்ணில் தாய் தகப்பன் ஆக முடியாது. நம் பெரியவர்களில் எத்தனையோ பேர் பிள்ளையாகவே வளர்த்து, சொத்து எழுதும்போது கலங்கி நின்றார்கள். 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும், பின் வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லாச் சமயத்தாருக்கும் கதவைத் திறந்தன. இன்று முறைப்படித் தத்தெடுத்த பிள்ளை, பெற்ற பிள்ளைக்கு உள்ள எல்லா உரிமைகளும் உடையது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது: 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 110-ஆம் விதிப்படி, நாட்டுச் சட்டப்படித் தத்தெடுக்கப்பட்டவர் தத்தெடுத்தவரின் பிள்ளையே.

1992-இல் நமது அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட பகுதியில், கொல்லாதே, தொட்டிலில் போடு என்ற வேண்டுகோள் அது. நியூயார்க்கின் தொட்டில் நமது மண்ணிலும் தேவைப்பட்டது என்பது நமக்குப் பெருமையான செய்தி அன்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தத்து என்பது நிலையானது. வளர்ப்புப் பராமரிப்பு என்பது, பெற்றோர் நோயாலோ சிறையாலோ வறுமையாலோ வளர்க்க இயலாத பிள்ளையைக் குறிப்பிட்ட காலம் ஒரு குடும்பம் வைத்துக் காப்பது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி இது நடக்கும். இப்படி வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை தர 2022-இல் வெளியான வாத்சல்யா திட்டம் வழி செய்கிறது. முன்வரும் குடும்பங்கள்தான் குறைவு.

என் குற்றம்

இப்போது என் கதையைச் சொல்லவேண்டும். நான் இளம் குருவாக, வேறொரு பங்கில் உதவியாளராக இருந்தேன். அங்கே பதினைந்து ஆண்டுகள் பிள்ளையின்றி இருந்த ஒரு தம்பதியர் முறைப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். ஞானஸ்நானம் நான்தான் கொடுத்தேன். அன்று விருந்துக்குச் சொந்தக்காரர் பாதிப்பேர் வரவில்லை. ‘எந்தச் சாதியோ, யார் பெற்றதோ’ என்ற பேச்சு கோவில் முற்றத்திலேயே நடந்தது. என் காதிலும் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எண்ணிக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பிள்ளை புதுநன்மை வாங்கும் நாள். வெள்ளை உடையும் பூமுடியுமாய் வரிசையில் நின்றது. யாரோ ஒரு பெரிய மனுஷி, ‘இது அவர்கள் பெற்றதில்லையே’ என்று பிள்ளையின் காது கேட்கவே சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. வேறு பங்குக்கு மாறியிருந்த நான் செய்தி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

பிற்பாடு வேசோன் சங்கத்தின் விதியைப் படித்தபோது வெட்கித் தலைகுனிந்தேன். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆயர்கள் பீடத்திலிருந்து பேசச் சொன்னார்கள். நான் பீடத்தில் நின்றுகொண்டே பேசாமல் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போதுமாயிருந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே என் பங்கு மக்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான்.

முதலாவது, நாவடக்கம். தத்தெடுத்த குடும்பத்தின் பிள்ளையைப் பற்றி ‘யார் பெற்றது’ என்ற கேள்வி இந்தப் பங்கில் இனி எழக்கூடாது. உண்மையைத் தக்க வயதில், தக்க சொற்களில் பிள்ளைக்குச் சொல்லுவது பெற்றோரின் உரிமை. பக்கத்து வீட்டாரின் வேலை அன்று.

இரண்டாவது, சமமான மகிழ்ச்சி. நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் பத்தியக் கஞ்சி கொண்டுபோகிறோம். தொட்டில் கட்டிச் சீர் செய்கிறோம். தத்துப் பிள்ளை வரும் வீட்டுக்கும் அவ்வாறே செய்வோம். தூக்கம் கெட்டு நிற்கும் புதிய தாய்க்கு ஒரு வாரம் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுபோனால் போதும். பெரிய தருமம் அது.

மூன்றாவது, ஏற்கெனவே வளர்ப்பவரைத் தாங்குதல். தாயை இழந்த பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார், அக்காள் பிள்ளைகளை ஏற்ற சித்திமார் நமது பங்கிலேயே இருக்கிறார்கள். தத்து என்ற பெயர் இல்லாவிட்டாலும் செய்வது அதே வேலைதான். பள்ளிக் கட்டணம், மாலை வேளைப் பாடம், மருத்துவச் செலவு இவற்றில் வின்சென்ட் சபையாரும் மாதா சங்கத்தாரும் இளைஞரும் பங்கேற்கலாம்.

நான்காவது, சட்டத்தை மதித்தல். கைவிடப்பட்ட குழந்தையை யார் கண்டெடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கவேண்டும். நல்லெண்ணத்தினால் ஆனாலும், பங்குக் குருவோ கன்னியரோ குழந்தையைக் கைமாற்றிக் கொடுக்கக்கூடாது. அது தண்டனைக்குரிய குற்றம். இந்த நடைமுறை குழந்தையை விற்பவரிடமிருந்து காக்கிறது. வளர்ப்பவரைப் பின்னாள் வம்பிலிருந்து காக்கிறது. வேசோன் ஆயர்களின் பத்து நாள் அறிவிப்பும் இதற்காகத்தான்.

ஐந்தாவது, பெற்றவளுக்கு இரக்கம். இக்கட்டில் அகப்பட்ட பெண் கோவிலுக்கு வந்து கதவைத் தட்டும்போது கல்லெறிய யாரும் நிற்கக்கூடாது. அவள் தன் பிள்ளையைத் தானே வளர்க்க விரும்பினால், முதலில் தாங்கவேண்டிய குடும்பம் அவளும் அவள் பிள்ளையுமே.

இவை புதியன அல்ல. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில், குடும்பங்கள் செய்யத்தக்க பணிகளை வரிசைப்படுத்தும்போது, கைவிடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுப்பதையே முதலில் வைத்தது.

நமது கோவிலின் பாதுகாவலர் புனித சூசையப்பர். அவரை வளர்ப்புத் தந்தை என்று மன்றாட்டில் அழைக்கிறோம். நாசரேத்தூரார் அவர் மகனைத் தச்சனின் மகன் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை ஆண்டவர் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் அந்த வளர்ப்புத் தந்தைக்குத் தேர் இழுக்கும் நாம், நம் தெருவிலுள்ள வளர்ப்புத் தந்தையைப் புறம்பேசலாமா?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. பவள விழா நினைவாக முகப்பு வளைவு ஒன்று கட்டவேண்டும் என்று விழாக் குழுவில் பேச்சு வந்தது. கட்டுவோம், தடையில்லை. ஆனால் விழாக் காணிக்கையில் ஒரு பகுதியை, பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்க்கும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஞானஸ்நானப் புத்தகத்தை மூடும்முன் மறுபடியும் அந்த வரியைப் பார்த்தேன். பெற்றோர் அறியப்படாதவர் என்று எழுதிய குருவானவர் உண்மையைத்தான் எழுதினார். ஓரத்தில் திருமணத்தைக் குறித்த குருவானவரும் உண்மையைத்தான் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் பேர் தெரியாத அந்தத் தாயும் தகப்பனும் எழுதிய வரலாறே இந்தப் பங்கின் மிகச் சிறந்த வரலாறு என்று நான் எண்ணுகிறேன். அவர்கள் நம் கல்லறைத் தோட்டத்தில் எங்கோ உறங்குகிறார்கள். அவர்களுக்காகவும், அன்று நான் காக்கத் தவறிய அந்தச் சிறுமிக்காகவும் யூபிலித் திருப்பலியில் வேண்டிக்கொள்வேன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

புனித சூசையப்பர் நம் வீடுகளையும் தொட்டில்களையும் காப்பாராக.

ஆண்டவரில் உங்கள்,
பங்குத் தந்தை